கத்திக்கு முன் ஒரு கேள்வி: அழகுச் சத்திரசிகிச்சையும் உடற்தகுதிப் பரிசோதனையின் வரலாறும்

கி.பி. 1000ஆம் ஆண்டளவில், அந்தலூஸின் குர்துபாவில், அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி தமது 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலை எழுதி முடித்தார். முப்பது பாகங்கள் கொண்ட அந்நூலின் கடைசிப் பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்கள் அதில் உள்ளன. நமது மேடைகளிலும் மீலாத் மலர்களிலும் ஸஹ்ராவி பேசப்படும் போதெல்லாம் இந்தக் கருவிகளே பேசப்படுகின்றன. ஆனால் அப்பாகத்தின் முன்னுரையில் அவர் முதலில் பேசுவது கருவிகளைப் பற்றியல்ல. தாம் கண்ட சில மரணங்களைப் பற்றியே பேசுகிறார்.

அவற்றுள் ஒன்று வயது முதிர்ந்த ஒருவருடைய மரணம். அவருடைய சிறுநீர்ப்பையில் பெரிய கல் இருந்தது. அதை எடுக்கும்படி முதலில் ஸஹ்ராவியைத்தான் அழைத்தார்கள். அவர் கல்லின் அளவைப் பார்த்தார், நோயாளியின் நிலையைப் பார்த்தார், இந்த உடல் கத்தியைத் தாங்காது என்று முடிவு செய்து விலகிக்கொண்டார். வீட்டார் வேறொரு வைத்தியரை அழைத்தார்கள். அவர் கல்லை எடுத்தார், கூடவே சிறுநீர்ப்பையின் ஒரு துண்டும் வந்தது. ஏறக்குறைய மூன்றாம் நாள் அந்த மனிதர் மௌத்தானார்.

சத்திரசிகிச்சையின் உச்ச நிலையில் இருந்த ஒருவர், தாம் செய்த ஒப்பரேசனைச் சொல்லாமல் தாம் செய்ய மறுத்த ஒப்பரேசனைத் தம் நூலின் வாசலில் எழுதி வைத்திருக்கிறார். இக்கட்டுரைக்கு என்னைத் தூண்டியது இந்தச் செய்திதான். 'இதை எப்படி வெட்டுவது?' என்ற கேள்விக்கு முன்னர் 'இந்த உடலில் வெட்டலாமா?' என்ற கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அழகுக்காக உடலைத் திருத்திக்கொள்வது நம்மவர் மத்தியிலும் பேச்சாகிவிட்ட இக்காலத்தில் அந்த வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பயனுடையது.

சொற்கள் சொல்வது

தமிழாசிரியன் என்பதால் முதலில் சொல்லைத் தொட்டுச் செல்கிறேன். இலங்கைத் தமிழில் நாம் 'சத்திரசிகிச்சை' என்கிறோம். சத்திரம் என்பது சஸ்திரம், அதாவது ஆயுதம். அறபியில் 'ஜிராஹா' என்பார்கள். அதன் வேர் 'ஜுர்ஹ்', அதாவது காயம். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டொக்டர் சாமுவேல் கிறீன், 1867இல் வெளியிட்ட சத்திரசிகிச்சை நூலுக்கு 'இரண வைத்தியம்' என்று பெயர் வைத்தார். இரணம் என்றாலும் காயம்தான். மூன்று சொற்களும் ஒன்றையே நினைவூட்டுகின்றன. எவ்வளவு திறமையாகச் செய்தாலும் சத்திரசிகிச்சை என்பது ஆயுதத்தால் உண்டாக்கும் ஒரு காயம். அந்தக் காயத்தை ஆற்றுவது வைத்தியரின் கை மட்டுமல்ல, நோயாளியின் இதயமும் நுரையீரலும் இரத்தமும் சேர்ந்துதான்.

யாரைச் சோதிப்பது?

ஆரம்பத்தில் சோதனை வைத்தியருக்கே நடந்தது. ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் ஒரு மனிதர் இறந்துபோன செய்தி கலீஃபா அல்முக்ததிரின் காதுக்கு எட்டியது. பரீட்சையில் தேறாத எவரும் வைத்தியம் செய்யக்கூடாது என்று அவர் கட்டளையிட்டு, அப்பொறுப்பை ஸினான் இப்னு ஸாபித்திடம் ஒப்படைத்தார். பேர்பெற்ற வைத்தியர்கள் நீங்கலாக, பக்தாதின் இரு கரைகளிலும் 860இற்கு மேற்பட்டோர் சோதிக்கப்பட்டதாக இப்னு அபீ உஸைபிஆ பதிவு செய்கிறார். வைத்தியம் அறியாதவர் வைத்தியம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பு என்ற கருத்திலமைந்த நபிமொழி அபூதாவூத், நஸாஈ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் உண்டு. பிற்காலத்து 'ஹிஸ்பா' நூல்களில் வைத்தியர், கண் வைத்தியர், எலும்பு கட்டுபவர், சத்திரசிகிச்சை செய்பவர் ஆகியோரை மேற்பார்வை செய்யும் முறை தனி அத்தியாயமாகவே இடம்பெறுகிறது.

ஸஹ்ராவி இதற்கு அடுத்த படிக்குப் போனார். தேர்ந்த வைத்தியர் கையிலும் தகுதியற்ற உடல் தப்பாது என்பதை அவர் கண்டிருந்தார். சத்திரசிகிச்சைகளை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று பெரும்பாலும் ஆபத்தற்றது, மற்றது பெரும்பாலும் ஆபத்தானது. இரண்டாவதில் கைவைக்க நேர்ந்தால் பேராசையைவிட எச்சரிக்கை மேலோங்க வேண்டும் என்று தம் மாணவர்களுக்கு அறிவுறுத்துகிறார்.

இன்று நாம் 'அழகுச் சத்திரசிகிச்சை' என்று சொல்வதும் அவருக்குப் புதிதல்ல. ஆண்களின் மார்பு பெண்களுடையதைப் போலப் பருத்துவிட்டால் பிறை வடிவில் வெட்டிக் கொழுப்பை அகற்றித் தைக்கும் முறையை அவர் விவரிக்கிறார். அவருக்கு முன்னர் ஏழாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் போலும் இதை எழுதியிருந்தார். அதற்கும் முந்திய செய்தி ஒன்று நமது ஹதீஸ் கிரந்தங்களில் இருக்கிறது. ஜாஹிலிய்யாக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரழி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து அணிந்தார்கள். அது துர்நாற்றம் எடுத்தது. பொன்னால் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எந்தப் பொருளை இந்த உடல் ஏற்கும், எதை ஏற்காது என்ற கேள்வி அங்கேயே வந்துவிடுகிறது.

மயக்க மருந்து வந்த பின்

1846 ஒக்டோபர் 16இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கிச் செய்த சத்திரசிகிச்சை பகிரங்கமாகக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோபோமைப் பாவனைக்குக் கொண்டுவந்தார். நோவு போயிற்று, பயமும் போயிற்று. உயிரைக் காக்கும் தேவை இல்லாத சின்னச் சின்ன ஒப்பரேசன்களும் பெருகத் தொடங்கின.

1848 ஜனவரி 28இல், இங்கிலாந்தின் நியூகாஸிலுக்கு அருகே, ஹனா கிறீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுத்தார்கள். சில நிமிடங்களுக்குள் அவள் இறந்துபோனாள். குளோரோபோமினால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் இதுவே. ஒரு நகத்துக்காக ஓர் உயிர். கத்தி ஒரு பங்கு ஆபத்து என்றால் மயக்கம் இன்னொரு பங்கு ஆபத்து என்பதை உலகம் அன்றுதான் கண்டுகொண்டது.

மயக்கத்தில் முதலில் நிற்பது இதயமா, மூச்சா என்ற வாதம் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. அந்த வாதத்தின் பெரிய அத்தியாயம் ஒன்று ஒரு முஸ்லிம் அரசரின் செலவில் எழுதப்பட்டதை நம்மில் பலர் அறியமாட்டார்கள். ஹைதராபாத்தின் ஆறாம் நிஸாம் மீர் மஹ்பூப் அலீ கானின் ஆதரவில், டொக்டர் எட்வட் லோறி 1888இலும் 1889இலும் இரண்டு குளோரோபோம் ஆணைக்குழுக்களை நடத்தினார். இரண்டாவது ஆய்வுக்கு இலண்டனிலிருந்து லோடர் பிறன்டன் வருவதற்கு நிஸாம் ஆயிரம் பவுண் கொடுத்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதித்துவிட்டு, மூச்சுத்தான் முதலில் நிற்கிறது, மூச்சைக் கவனித்தால் போதும் என்று அந்த ஆணைக்குழு சொன்னது. 1911இல் குட்மன் லெவி அதை மறுத்தார். மயக்கம் மெல்லியதாக இருக்கும்போதே குளோரோபோம் இதயத்தைத் திடீரெனத் தடுமாறவைத்து நிறுத்திவிடக்கூடும் என்று அவர் பரிசோதனையில் காட்டினார். ஆகவே மூச்சையும் பார்க்க வேண்டும், நாடியையும் பார்க்க வேண்டும். நிஸாமின் பணம் வீணாகவில்லை. மயக்க மருந்து ஆராய்ந்து பார்க்க வேண்டிய ஒரு துறை என்பதை அது உலகறியச் செய்தது.

1896இல் இத்தாலியில் ரீவா ரொச்சி கையில் பட்டி கட்டிப் பிறஷர் அளக்கும் கருவியைச் செய்தார். 1901இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹாவி குஷிங் அதை இத்தாலியில் கண்டு தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐன்தோவனின் ஈ.சீ.ஜி. வந்தது. ஸஹ்ராவி கண்ணாலும் கையாலும் பார்த்து முடிவு செய்த 'நோயாளியின் நிலை' இப்போது எண்ணாகவும் கோடாகவும் தாளில் விழத் தொடங்கியது.

உடலைத் தரம் பிரித்தவர்கள்

1941இல் அமெரிக்க மயக்க மருந்து வைத்தியர் சங்கத்துக்காக சக்லட், றோவன்ஸ்டைன், டெய்லர் என்ற மூவர் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார்கள். ஒப்பரேசனின் ஆபத்தை அளந்து சொல்லும்படிதான் அவர்களைக் கேட்டிருந்தார்கள். ஆபத்து என்பது வைத்தியரின் திறமை, ஒப்பரேசனின் தன்மை முதலிய பலவற்றில் தங்கியிருப்பதால் அதை ஒரே எண்ணில் அடக்க முடியாது என்று கூறி, நோயாளியின் உடல்நிலையை மட்டும் தரம் பிரித்தார்கள். 1960களின் தொடக்கத்தில் அது ஐந்து படிகளாகத் திருத்தப்பட்டது. மூளைச்சாவு அடைந்து உறுப்புத் தானம் செய்பவருக்கான ஆறாம் படி பின்னர் சேர்ந்தது. முழுச் சுகதேகி முதற்படியில் நிற்கிறார். கட்டுப்பாட்டிலுள்ள சீனி வருத்தக்காரரும் புகைப்பவரும் இரண்டாம் படியில், சீனி கட்டுப்படாதவர் மூன்றாம் படியில். இன்றும் உலகெங்கும் ஒப்பரேசன் தாளில் விழும் எண் இதுதான். 'எனக்கு ஒரு வருத்தமும் இல்ல' என்று சொல்லிக்கொண்டு வரும் புகைப்பவர் அந்தத் தாளில் முதற்படியில் இல்லை.

தாளில் வராத ஒன்றும் உண்டு. அதைக் குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் அறியவேண்டும். 1960இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் கால் முறிந்து வந்த 21 வயது இளைஞர் ஒருவர், காலைப் பற்றிக் கவலைப்படாமல் மயக்க மருந்தைப் பற்றியே பயந்தார். மயக்க மருந்து கொடுத்த பின் தன் உறவினர் பத்துப் பேர் இறந்திருப்பதாகச் சொன்னார். வைத்தியர்கள் அதைச் செவிமடுத்து, வேறு மருந்தை மிகக் கவனமாகக் கொடுத்தார்கள். அப்போதும் அவருடைய உடல் கொதித்தெழ, உடனே நிறுத்திக் காப்பாற்றினார்கள். மயக்க மருந்தினால் உடல் வெப்பம் கட்டுமீறி ஏறும் பரம்பரைக் குறைபாடு உலகுக்குத் தெரியவந்தது டென்பரோ எழுதிய அந்தக் குறிப்பின் மூலமே. அந்த இளைஞர் வெட்கப்பட்டோ பயந்தோ வாயை மூடியிருந்தால் பதினோராவது மரணமாகியிருப்பார்.

சுகமான உடலில் கத்தி

நோயாளிக்கு ஒப்பரேசன் செய்யும்போது தராசின் ஒரு தட்டில் ஒப்பரேசனின் ஆபத்தும் மறு தட்டில் நோயின் ஆபத்தும் இருக்கும். அப்பெண்டிஸ் வெடிக்கப் போகிறவருக்கு நெஞ்சு வருத்தம் இருந்தாலும் வெட்டியே ஆகவேண்டும். அழகுக்காகச் செய்யும்போது மறு தட்டில் நோய் இல்லை, ஆசை மட்டுமே இருக்கிறது. ஆகவே உடற்தகுதியின் அளவுகோல் இங்கு இன்னும் கடுமையாக இருப்பதே நியாயம்.

இந்த நியாயத்தைப் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று 1929 பெப்ரவரியில் எடுத்துப் பேசியது. கெண்டைக்கால்கள் பருமனாக இருக்கின்றன என்று வருந்திய ஓர் இளம் பெண்ணுக்கு, தேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணரான டுஜாரியே 1928இல் காலை மெலிவாக்கும் ஒப்பரேசன் செய்தார். கால் அழுகி, அதை வெட்டியெடுக்க நேர்ந்தது. சுகமான அவயவத்தில், அதன் வடிவைத் திருத்துவதற்காக மட்டும், பாரதூரமான ஆபத்துள்ள ஒப்பரேசனைச் செய்ததே தவறு என்று கூறி நீதிமன்றம் இரண்டு இலட்சம் பிராங்க் நட்டஈடு விதித்தது. 1931இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நட்டஈட்டை உறுதி செய்தாலும் காரணத்தைத் திருத்தியது. அழகுக்கான ஒப்பரேசன் தன்னளவில் குற்றமல்ல. கிடைக்கும் பயனுக்கு ஒவ்வாத ஆபத்து இருக்கும்போது வைத்தியர் மறுத்திருக்க வேண்டும், அல்லது ஆபத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கு. ஸஹ்ராவியின் முன்னுரை ஒரு நீதிமன்றத்தின் வாயிலாக மீண்டும் பேசியது போல எனக்குத் தோன்றியது.

ஸஹ்ராவி கண்ட முதியவரின் கதை அப்படியே திரும்ப நிகழ்ந்தது 2007இல். டொன்டா வெஸ்ட் அமெரிக்கப் பாடகர் கன்யே வெஸ்ட்டின் தாயார். சிக்காகோ அரச பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்த பேராசிரியை. கொழுப்பு உறிஞ்சுதல், மார்பகத் திருத்தம் முதலியவற்றைச் செய்துகொள்ள விரும்பினார். அவர் முதலில் நாடிய சத்திரசிகிச்சை நிபுணர், இதயம் தொடர்பான சந்தேகத்தால், உடற்தகுதிச் சான்று வேண்டுமென்று கேட்டார். ஒப்பரேசன் அவர் கையால் நடக்கவில்லை. வேறிடத்தில் நடந்தது. மறுநாள், நவம்பர் 10இல், 58ஆவது வயதில் அவர் இறந்தார். இதயத்தின் இரத்தக் குழாய் நோயும் ஒப்பரேசனுக்குப் பிந்திய பல காரணிகளும் மரணத்துக்குக் காரணம் என்று பிரேத பரிசோதனை கூறியது.

இரண்டு வருடம் கழித்து, 2009இல், கலிபோர்னியா மாநிலம் அவருடைய பெயராலேயே ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. அழகுக்காக விரும்பிச் செய்யும் எந்தச் சத்திரசிகிச்சைக்கும் முன், 30 நாட்களுக்குள் நோயாளியை முறையாகப் பரிசோதித்து, மருத்துவ வரலாற்றைக் கேட்டறிந்து, தகுதியுடையவர் என்று எழுத்தில் சான்று தரப்பட்டிருக்க வேண்டும். குர்துபாவில் ஒரு வைத்தியரின் மனச்சாட்சியாக இருந்த ஒன்று கலிபோர்னியாவில் சட்டமாவதற்கு ஆயிரம் வருடங்கள் எடுத்தன.

நம்மிடையே

அழகுக்காக உடலை மாற்றுவது ஆகுமா, ஆகாதா என்பது உலமாக்களின் துறை. குறையைச் சீராக்குவதற்கும் படைப்பை வீணே மாற்றுவதற்கும் இடையில் அவர்கள் கோடு வரைகிறார்கள். இங்கு நான் சுட்ட விரும்புவது ஒன்றைத்தான். 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி தனது 173ஆவது தீர்மானத்தில், அனுமதிக்கப்பட்ட வகைகளுக்கும் நிபந்தனைகள் விதித்தது. எதிர்பார்க்கும் நன்மையைவிடத் தீங்கு மிகக்கூடாது, தகுதியுள்ள நிபுணரே செய்ய வேண்டும், நேரக்கூடிய ஆபத்துகளை அவர் விளக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. தீங்கு மிகுமா, மிகாதா என்பதை உடலைச் சோதிக்காமல் எப்படி அறிவது? அந்த நிபந்தனைக்குள்ளேயே பரிசோதனையும் அடங்கியிருக்கிறது என்பது என் வாசிப்பு.

நம் ஊர்களில் இதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் பணமல்ல, மறைப்பு. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, கலியாணத்துக்கு முன் மூக்கைத் திருத்திக்கொள்ள ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனாள். இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் குறைபாடு தெரிந்தது. அதைச் சரிசெய்த பிறகு வரும்படி மயக்க மருந்து வைத்தியர் திருப்பி அனுப்பினார். வீட்டில் அது பெரிய பிரச்சினையாகிவிட்டது. "இந்த றிப்போட் வெளியால போனா, பொண்ணுக்கு வருத்தம் இரிக்கெண்டு கதை வந்திடும் சேர். வேற இடத்துல டெஸ்ட் இல்லாமச் செய்வாங்களாமே?" என்று உம்மா என்னிடம் கேட்டார். "செய்வாங்க உம்மா, அதுதான் பயம்" என்றேன். பிள்ளை மருந்து எடுத்தாள். சில மாதங்களில் அளவு சீரானது. மூக்கை அவள் இன்னும் திருத்தவில்லை. கலியாணம் நடந்துவிட்டது.

அந்த உம்மாவின் பயத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. பெண் பிள்ளையின் இழுப்பு, வலிப்பு, தைரொயிட் எல்லாம் சம்பந்தம் பேசும் வேளையில் பூட்டி வைக்கப்படுகின்றன. வீட்டில் பூட்டி வைத்த பழக்கம் வைத்தியர் முன்னாலும் தொடர்கிறது. அங்கே அது உயிரோடு விளையாடுவதாகும்.

மயக்க மருந்து வைத்தியர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் மேற்சொன்ன வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது. புகைத்தலைக் கேட்பது, நிகொட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால். தோலை உயர்த்தித் தைக்கும் அழகு ஒப்பரேசன்களில் இரத்தம் போதாத தோல் கருகிவிடும். சீனியைக் கேட்பது, அது கட்டுப்படாவிட்டால் காயம் ஆறாமல் கிருமி பற்றும் என்பதால். அஸ்பிரின், நாட்டு மருந்து, குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிகை என்பவற்றைக் கேட்பது, சில இரத்தப் பெருக்கையும் சில கால் நரம்பில் இரத்தக் கட்டியையும் உண்டாக்கக்கூடும் என்பதால். ஆடும் பல்லைக் கேட்பது, மூச்சுக் குழாய் செலுத்தும்போது அது கழன்று உள்ளே போய்விடலாம் என்பதால். வெறும் வயிற்றோடு வரச் சொல்வது, மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்பதால். வாப்பா வழியிலோ உம்மா வழியிலோ எவருக்காவது மயக்க ஊசியால் ஏதும் நேர்ந்ததா என்று கேட்பது அந்த மெல்பேண் இளைஞரின் காரணத்தால். நெருங்கிய சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நமக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியமானது. சில பரம்பரைக் குறைபாடுகள் தாய், தந்தை இருவர் வழியாகவும் வரும்போதுதான் வெளிப்படுகின்றன.

மனத்தையும் பார்க்க வேண்டும். தன் உருவத்தில் இல்லாத குறையைக் கண்டு ஓயாது வருந்தும் நிலையை இத்தாலிய மருத்துவர் மொர்செல்லி 1891லேயே பெயர் சூட்டி விவரித்தார். அப்படிப்பட்டவருக்கு மூக்கைத் திருத்தினால் வருத்தம் பெரும்பாலும் தீராது, அடுத்த குறையைத் தேடிப் போய்விடும். அவருக்கு வேண்டியது வேறு வைத்தியர்.

எல்லாப் பரிசோதனையும் செய்தாலும் மரணத்தைத் தள்ளிப்போட முடியாது என்று சிலர் சொல்வார்கள். அஜல் அல்லாஹ்விடம் என்பதில் நமக்குள் பேச்சில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஈ.சீ.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் அந்தக் கயிறுதான்.

அழகுக்காக வைத்தியரை நாடும் நம்மவருக்கு ஒரு வார்த்தை. உங்களைப் பார்த்த கணமே திகதி குறித்துத் தருபவரைவிட, பத்துக் கேள்வி கேட்டு, நாலு பரிசோதனைக்கு அனுப்பி, தேவையானால் 'இப்போது வேண்டாம்' என்று சொல்பவரைத் தேடுங்கள். ஸஹ்ராவி மறுத்ததும் அந்த முதியவரின் வீட்டார் இன்னொருவரைத் தேடிப் போனார்கள். இனியும் வேறு வைத்தியர் கிடைப்பார். முதலாமவர் ஏன் மறுத்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அடுத்தவரிடம் போவதா, இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும்.